‘ஓகே மிஸ், சாரி’

கேள்வி: மொரீஷியஸில் காத்ர் போர்ன் பக்கத்தில், பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஒரு காலேஜில் தமிழ் ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளியிறுதித் தேர்வான எச்.எஸ்.சி.க்குத் தமிழ் எடுத்த பிள்ளைகள் எங்களிடம் நான்கு பேர்தான். வேறு இரண்டு காலேஜ் பிள்ளைகளையும் சேர்த்து 11 பேருக்கு டெலிகிராமில் ஒரு குழு தொடங்கினேன். செவ்வாய், வியாழன் இரவு ஏழரையிலிருந்து எட்டரை வரை ஒரு தலைப்பை எடுத்து எழுதி விவாதிப்பார்கள். வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் எல்லா நாளும் என்னால் கூட உட்கார முடியவில்லை. கம்ப்யூட்டர் படிக்கும் என் சித்தி மகன் ஏஐ சாட்பாட் ஒன்றைக் குழுவில் சேர்த்துக் கொடுத்தான். வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் படம் போட்டு ‘தமிழ் ஐயா’ என்று பெயரும் வைத்தோம். முதல் வாரம் ஒரே உற்சாகம். ஆறு வாரம் ஆன பிறகு எல்லாரும் அதனிடமே கேட்கிறார்கள். தங்களுக்குள் பேசுவதே இல்லை. அதைத் தூக்கிவிடலாமா? குழுவில் வாயே திறக்காத ஒரு பையன் அதனோடு மட்டும் தனியாக நிறையப் பேசுகிறானாம். தடுக்கட்டுமா? யார் எத்தனை முறை எழுதினார்கள் என்று அது கணக்கும் தருகிறது. அதை வைத்து மதிப்பெண் போடலாமா? கிரேடு 10 பிள்ளைகள் இருவரும் சேர ஆசைப்படுகிறார்கள். ஒரு நாள் உரையாடலை இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய உரையாடலை மூன்று தடவை படித்தேன். கையில் பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணியும் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் 41 செய்திகள். பிள்ளைகள் தமிழ் ஐயாவுக்கு எழுதியவை 22, அவர் சொன்ன பதில்கள் 16. மீதி மூன்று. அவற்றில் ஒன்று, ‘சார்ஜ் இல்லை, பிறகு வருகிறேன்’. மற்ற இரண்டையும் எழுதியவள் ஒரே பெண். உங்களுக்கு நான் எழுத நினைப்பதெல்லாம் அந்த இரண்டு வரிகளுக்குள் இருக்கிறது.

அன்றைக்குத் தலைப்பு, நம் முன்னோர் இந்தத் தீவுக்கு ஏன் வந்தார்கள் என்பது. ஒரு பையன், கரும்புத் தோட்ட வேலைக்குத்தானே வந்தார்கள், சரியா என்று தமிழ் ஐயாவிடம் கேட்கிறான். அதைப் பார்த்த இந்தப் பெண் அவனுக்கு எழுதுகிறாள்: ‘எங்கள் பாட்டி வேறு சொல்கிறது. எங்கள் ஆள்கள் கல் வேலைக்கு வந்தது. கரும்பு முன்னால்.’ அவள் எழுதிய அதே நிமிடத்தில் தமிழ் ஐயாவின் பதில் பன்னிரண்டு வரியில் வந்து விழுகிறது: ஆம், சரி, 1834க்குப் பிறகு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்களே மொரீஷியஸ் தமிழர்கள். ஆறு பேர் கட்டைவிரலை உயர்த்துகிறார்கள். அவள் எழுதுகிறாள்: ‘ஓகே மிஸ், சாரி.’ அந்த நேரத்தில் நீங்கள் குழுவில் இல்லை. இல்லாத மிஸ்ஸிடம் அந்தப் பிள்ளை மன்னிப்புக் கேட்டிருக்கிறாள்.

அவள் பாட்டி சொன்னதில் தவறில்லை. 1735இல் ஆளுநராக வந்த லாபூர்தொனே போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாக எழுப்பிய பிரெஞ்சுக் காலத்திலேயே, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தர்களும் தச்சர்களும் இங்கே வேலை செய்திருக்கிறார்கள். போர்ட் லூயிஸில் குடியேறிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட்டின் வழியாக ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தது அதற்கு நூறு ஆண்டுக்குப் பிந்தைய கதை. ஆக, பையன் சொன்னதும் உண்மை, அவள் சொன்னதும் உண்மை. இரண்டையும் அருகருகே வைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் பதினொரு பிள்ளைகளும் தங்கள் தங்கள் குடும்பத்தைப் பற்றி வீட்டில் போய்க் கேட்டிருப்பார்கள். அந்த அரை மணி நேரம்தான் தொலைந்துபோயிற்று.

உங்கள் முதல் கேள்விக்கு இதிலிருந்தே வருகிறேன். சாட்பாட்டைத் தூக்க வேண்டாம். அதன் வேலையை மாற்றுங்கள். இப்போது அதற்குப் பதில் சொல்கிற வேலை கொடுத்திருக்கிறீர்கள். பதில் சொல்கிற ஆள் ஒருவர் எப்போதும் காத்திருக்கிற இடத்தில் யார்தான் பக்கத்தில் இருப்பவனிடம் கேட்பார்கள்? பிள்ளைகள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் அமைத்துக் கொடுத்த வழியில்தான் அவர்கள் நடந்திருக்கிறார்கள்.

பெயரில் தொடங்குவோம். நம் வீட்டுப் பிள்ளைக்கு ‘ஐயா’ என்றால் எதிர்த்துப் பேசக் கூடாத ஆள். தாடி வைத்த பெரியவர் சொன்ன பிறகு, ‘எங்க பாட்டி வேற சொல்றாங்க’ என்று இரண்டாம் தடவை சொல்ல எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? அந்த உரையாடலில் ‘சரி ஐயா’, ‘நன்றி ஐயா’ என்பவை மட்டும் ஒன்பது. மரியாதை நல்ல பழக்கம்தான். ஆனால் தேதிகளைத் தப்பாகவும் சொல்லக்கூடிய ஒரு மென்பொருளுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தால், விவாதம் தொடங்கும் முன்பே முடிந்துவிடும். படத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ‘கேள்வி’ என்று சும்மா ஒரு பெயர் வையுங்கள்.

அடுத்தது டெலிகிராம் பற்றியது. இதை உங்கள் தம்பியிடம் காட்டுங்கள். டெலிகிராம் குழுவில் சேர்க்கும் சாட்பாட்டுக்கு ‘தனியுரிமை நிலை’ என்று ஓர் அமைப்பு, நாம் மாற்றாதவரை போட்டபடியே இருக்கும். அது இருந்தால் தன் பெயரைச் சொல்லி எழுதியது, தன் செய்திக்கு மறுமொழியாக வந்தது, சாய்கோடு போட்டுத் தொடங்கும் கட்டளை, இவைதான் அதற்குத் தெரியும். பிள்ளைகள் தங்களுக்குள் எழுதுவது எதுவும் அதன் கண்ணில் படாது. அந்தப் பெண்ணின் பாட்டியை அது மறுக்கவில்லை. அப்படி ஒரு வரி வந்ததே அதற்குத் தெரியாது. டெலிகிராமில் சாட்பாட்டுகளை அமைக்கும் பாட்ஃபாதர் கணக்கில் போய் அந்த நிலையை அணைத்துவிட்டு, சாட்பாட்டைக் குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர்த்தால் அது எல்லாச் செய்தியையும் பார்க்கத் தொடங்கும். அப்படிச் செய்யும்முன் ஒரு கடமை இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லாம் கண்ணில் படும் சாட்பாட் என்ன செய்ய வேண்டும்? முதலில், வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஒன்றை அளந்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நேரம் சராசரியாக ஒரு விநாடி. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, பேசாமல் இருப்பது குறைந்தது, ஒருவர் சொன்னதைப் பிடித்து இன்னொருவர் பேசுவது கூடியது. வாயால் பேசும் வகுப்புக்கே இப்படி. வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசி, காலேஜில் ஆங்கிலமும் பிரெஞ்சும் எழுதி, இரவில் தமிழ் விசைப்பலகையில் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிற பிள்ளைக்கு மூன்று விநாடி எந்த மூலைக்கு? உங்கள் சாட்பாட் இரண்டு விநாடியில் பதில் தருகிறது. ஒரு பிள்ளை ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் அது ஒரு கட்டுரையை முடித்துவிடுகிறது. குழுவில் முழுதாக ஐந்து நிமிடம் யாரும் எழுதாமல் இருந்தாலோ, தொடர்ந்து நாலைந்து செய்திகள் காரணம் எதுவும் இல்லாமல் வந்தாலோ மட்டும் அது வாய் திறக்கட்டும். பத்துச் செய்திக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். இந்த எண்கள் என் அனுபவக் கணக்கு. உங்கள் பிள்ளைகளின் வேகத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ‘தேவையானபோது மட்டும் பேசு’ என்று சாட்பாட்டிடம் எழுதி வைத்தால் மட்டும் போதாது. செய்தியை அனுப்பினால் அது ஏதாவது ஒரு பதிலை எழுதத்தான் செய்யும், கடிகாரமும் அதற்குத் தெரியாது. எப்போது அதனிடம் செய்தியை அனுப்புவது என்பதை நிரலில் உங்கள் தம்பிதான் எழுத வேண்டும்.

வாய் திறக்கும்போது எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி ஆசிரியர்கள் ஏற்கெனவே நிறையக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சாரா மைக்கேல்ஸ், கேத்தரின் ஓகானர், லாரன் ரெஸ்னிக் என்ற மூவரும் நல்ல வகுப்பறை உரையாடலில் ஆசிரியர் எடுத்து வைக்கும் அடிகளைத் தொகுத்தார்கள். பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லி ‘இதைத்தானே சொல்கிறாய்?’ என்று கேட்பது. ஒருவர் சொன்னதை இன்னொருவரைத் தன் சொல்லில் சொல்லச் சொல்வது. ‘அவள் சொன்னது உனக்குச் சரியாகப் படுகிறதா, ஏன்?’ என்று கேட்பது. ‘இதோடு யாராவது சேர்த்துச் சொல்லுங்கள்’ என்பது. உங்களைப் போன்றவர்கள் நேர் வகுப்பில் தன்னையறியாமல் செய்கிறவைதான். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கரோலின் ரோசேயின் குழுவும், கிரேக்க நாட்டின் தெசலோனிகியில் தேகோஸ், டெமெட்ரியாடிஸ் இருவரும் இதே அடிகளைச் சாட்பாட்டுக்குக் கற்றுக்கொடுத்து மாணவர் குழுக்களில் சோதித்தார்கள். ஏஐ இன்றைக்குப் போல் பேசப் பழகாத காலம் அது. அப்படியிருந்தும் காரணத்தோடு பேசுவது பிள்ளைகளிடம் கூடியது. இதே கார்னகி மெலன் சோதனைகளில் இன்னொன்றும் தெரியவந்தது. பாடம் நடத்துவதிலேயே குறியாக இருந்த சாட்பாட்டைக் குழுவாக இருந்த மாணவர்கள் கண்டுகொள்ளவில்லை, சில சமயம் திட்டவும் செய்தார்கள். உங்கள் பிள்ளைகள் திட்டவில்லை, கும்பிடுகிறார்கள். எனக்கு அது இன்னும் கவலையாக இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமையை இப்படி நினைத்துப் பாருங்கள். பையன் கரும்பு என்கிறான். அவள் பாட்டி சொன்னதை எழுதுகிறாள். மூன்று நிமிடம் யாரும் எழுதவில்லை, சாட்பாட்டும் எழுதவில்லை. யாரோ ஒரு வியப்புக் குறி போடுகிறார்கள். ஐந்தாவது நிமிடம் சாட்பாட் எழுதுகிறது: ‘ஒருவர் கரும்பு என்கிறார், ஒருவர் கல் வேலை என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்க வழி உண்டா?’ அவ்வளவுதான். பையன் பதில் எழுதுவான், ‘வேறு வேறு வருஷமா?’ என்றாவது. இந்த வேலைக்கு அது வரலாறு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. 1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற நிரலுக்கு உலகத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. மனிதர் தட்டியதைக் கேள்வியாகத் திருப்பிக் கொடுத்தது, அவ்வளவே. அதற்கே ஆட்கள் பேசிக்கொண்டே போனார்கள்.

சாட்பாட்டுக்குக் கொடுக்கும் குறிப்பைக் கீழே எழுதியிருக்கிறேன். அப்படியே எடுத்துப் போடலாம்.

‘நீ இந்தக் குழுவின் ஆசிரியர் இல்லை. விடை, தேதி, விளக்கம், கட்டுரை எதையும் தராதே. நேராக உன்னைக் கேட்டாலும், குழுவில் யார் எழுதியது அதற்கு உதவும் என்று மட்டும் காட்டு. ஒரு தடவைக்கு ஒரே கேள்வி, இரண்டு வரிக்குள். மாணவர் சொன்னதை அவர் சொல்லாலேயே எடுத்துச் சொல், மெருகேற்றாதே. இருவர் வேறுபட்டால் வேறுபாட்டைக் காட்டு, தீர்ப்புச் சொல்லாதே. பாராட்டாதே. பிழை திருத்தாதே. கிரியோல் வந்தால் அப்படியே ஏற்றுக்கொள்.’

கடைசி இரண்டும் ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் உரையாடலில் ஒரு பிள்ளை ‘மோ பா கோனே’ என்று தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறது. தெரியாது என்கிறது, அவ்வளவுதான். நம் தீவில் அது புரியாத ஆள் கிடையாது. தமிழ் ஐயா அதை எழுத்துப்பிழை என்று எடுத்துக்கொண்டு, ‘தூய தமிழில் எழுதுங்கள்’ என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை அன்றைக்கு எழுதவே இல்லை. பிழை திருத்த நீங்கள் இருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமை வகுப்பு இருக்கிறது. விவாதம் நடக்கும் ஒரு மணி நேரம் யோசனைக்கு உரியது. கிரியோலில் யோசித்துப் பாதித் தமிழில் எழுதினாலும் எழுதட்டும். விவாதம் முடிந்தபின், தான் எழுதியதில் ஒரு செய்தியை எடுத்து நல்ல தமிழில் திருத்தி எழுதச் சொல்லுங்கள். சொல்ல ஒன்று இருக்கும்போது இலக்கணம் கூடவே வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தலைப்புகளையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். ‘தைப்பூசக் காவடியின் சிறப்புகள்’ என்று தலைப்புக் கொடுத்தால் எந்த ஏஐயும் ஒரு நிமிடத்தில் எழுதிவிடும். பிள்ளைகளுக்கும் பேச ஒன்றும் இருக்காது. உங்கள் வீட்டில் காவடி விரதம் எத்தனை நாள், ஏன் மற்றவர் வீட்டில் வேறு என்று கேட்டுப் பாருங்கள். காவடி முடிந்து பரிமாறும் ஏழு கறியில் உங்கள் வீட்டில் எது தவறாது என்று கேளுங்கள். எலியட் ஆரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1971இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய முறை ஒன்று உண்டு. பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பார்கள். அடுத்தவன் சொன்னால்தான் பாடம் முழுசாகும். வீட்டில் கேட்டு வரும் செய்தியும் அப்படித்தான். ரோஸ்ஹில்லில் இருக்கும் பாட்டிக்குத் தெரிந்தது சாட்பாட்டுக்குத் தெரியாது. அந்த இடத்தில் பிள்ளை, பிள்ளையிடம்தான் கேட்டாக வேண்டும்.

பேசாத பையனைப் பற்றி. தடுக்காதீர்கள். பதினொரு பேர் பார்க்க எழுதுவதற்குப் பயப்படும் பிள்ளைக்கு, தப்பாக எழுதினாலும் யாரும் சிரிக்காத ஓர் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்த இடம் அவனுக்கு ஒத்திகையாக இருக்க வேண்டும், அடைபட்டுக்கொள்ளும் அறையாகிவிடக் கூடாது. தனி உரையாடலில் ஒரு நல்ல கருத்து வந்தால், ‘இதைக் குழுவில் எழுதிப் பார்க்கிறாயா?’ என்று மட்டும் சாட்பாட் கேட்கும்படி வையுங்கள். அவனைக் கேட்காமல் அதுவாக எடுத்துக் குழுவில் போடவே கூடாது. ஒரு தடவை அப்படி நடந்தால் அவன் இரண்டு இடத்திலும் பேச மாட்டான். இதைவிட முக்கியமானது, நீங்களே ஒருநாள் வகுப்பு முடிந்ததும் நின்று அவனோடு ஐந்து நிமிடம் பேசுவது. பாடத்தைத் தாண்டி மனக்கஷ்டம் எதையாவது அவன் அதனிடம் கொட்டிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அது ஒரு மனிதரின் காதுக்கு வந்தாக வேண்டும். மனசு கனமாக இருந்தால் மிஸ்ஸிடம் வரலாம் என்பதை அவன் உங்கள் வாயால் கேட்கட்டும்.

மதிப்பெண்ணுக்கு அந்தக் கணக்கு வேண்டவே வேண்டாம். எண்ணிக்கைக்கு மதிப்பெண் என்று தெரிந்த மறுநாளே ‘ஆமாம்’, ‘சரி’, ‘நானும்’ என்று ஐம்பது செய்தி வரும். அந்தப் பெண் அன்றைக்கு எழுதியவை இரண்டே செய்திகள். அந்த இரண்டும் சாட்பாட்டின் கண்ணில் படாததால் அதன் கணக்கில் அவளுக்குப் பூஜ்யம். குழந்தை தூங்கியபின் பத்து நிமிடம் கிடைத்தால் உரையாடலை நீங்களே படியுங்கள். யார் யாருடைய கருத்தைப் பிடித்து மேலே கொண்டுபோனார்கள் என்று மட்டும் குறித்து, மறுநாள் வகுப்பில் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது மதிப்பெண்ணைவிடப் பெரிது.

கடமை என்று சொன்னேனே, அது இது. எல்லாச் செய்தியையும் சாட்பாட் படிக்கத் தொடங்கினால் பிள்ளைகளின் பெயரும் குடும்பக் கதையும் வெளிநாட்டில் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிக்குப் போகும். நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 16 வயதுக்குட்பட்ட பிள்ளையின் தனிப்பட்ட தகவலைக் கையாளப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும். சேர ஆசைப்படும் கிரேடு 10 பிள்ளைகளுக்கு அது இல்லாமல் அனுமதி கொடுக்காதீர்கள். மூத்த பிள்ளைகளிடமும் அவர்கள் பெற்றோரிடமும் ஒளிக்காமல் சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்வதுதான் முறை. காலேஜின் தலைவரான ரெக்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெயர்களுக்குப் பதில் எண்களை மாற்றி அனுப்பும்படி நிரலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பேச்சைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அமைப்பு அந்தச் சேவையில் இருந்தால் அணைத்துவிடச் சொல்லுங்கள். ஒப்புதல் கைக்கு வரும்வரை தனியுரிமை நிலை இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும்.

இதையெல்லாம் அமைக்க உங்கள் தம்பிக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதுவரை செவ்வாய், வியாழன் சாட்பாட் இல்லாமலே நடக்கட்டும். மௌனமாகக் கிடந்தாலும் பரவாயில்லை. வாரத்துக்கு ஒரு பிள்ளையைக் கேள்வி கேட்பவராக நியமியுங்கள். நான் மேலே எழுதிய குறிப்பில் பிழை, கிரியோல் வரிகளை விட்டுவிட்டு மற்றதை அந்தப் பிள்ளைக்கே கொடுக்கலாம்.

அந்தப் பெண் விஷயம் மட்டும் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். இந்தச் செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு முதல் செய்தியை நீங்கள் எழுதுங்கள். போன தடவை உன் பாட்டி சொன்னது சரிதான், தமிழ் ஐயா அதைச் சொல்லத் தவறிவிட்டார் என்று எல்லாரும் பார்க்கும்படி எழுதுங்கள். அவள் ஆட்கள் எந்தக் கட்டடத்தில் வேலை செய்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், பாட்டிக்கு இதை யார் சொன்னார்கள் என்று அந்தப் பையனையே அவளிடம் கேட்கச் சொல்லுங்கள். பாட்டி என்ன சொன்னார் என்பதை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.